அது கோட்டை அல்ல, கேஸ் தொட்டி

கால்வாய்ப் பத்திரிகையின் மதிப்பிற்குரிய ஆசிரியர் மாண்டேகு ஐயா அவர்களின் சமூகத்துக்கு, காவெண்ட்ரிக்கு வடக்கே சட்டன் ஸ்டாப்பில் கரையோரம் மூன்றாம் எண் வீட்டில் இருக்கும் ரூபன் டங்க்லி மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. எழுதிக்கொள்வது என்றால் நான் சொல்லச் சொல்ல என் மனைவி கெசியா எழுதிக்கொள்வது. எனக்கு எழுத்து வராது, இப்போது கண்ணும் வராது. என் இடது கால் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், தங்கள் பத்திரிகையில் படங்களுக்கு அடியில் இரண்டு வரி எழுதுகிற அந்த மேதையும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். முக்கியமாக அந்த மேதை நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். இன்னும் எத்தனையோ கதவுகளுக்குத் தவறான ஆளை அப்பனாக்குகிற வேலை அவருக்கு மிச்சம் இருக்கிறது.

விஷயம் நடந்தது எந்த வருடம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் முப்பதுகள் நாற்பதுகள் என்று குத்துமதிப்பாக அடிக்க வேண்டாம். போர் முடிந்து இரண்டு வருடம் ஆகியும் ரொட்டிக்கு ரேஷன் சீட்டு கேட்ட வருடம் அது. புத்தாண்டு அன்று சுரங்கத்துக்குச் சுரங்கம் பலகை நட்டு, இனிமேல் கரி எல்லாம் மக்களுக்கே சொந்தம் என்று அரசாங்கம் அறிவித்தது. மூன்றாவது வாரத்திலேயே பனி கொட்டி, அந்த மக்களுக்கு ஒரு வாளி கரி கிடைக்கவில்லை. நவம்பரில் ராஜா மகளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் ஆகஸ்டில், இந்தியாவை இந்தியாக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய தேசத்தை உரியவர்களிடம் சேர்த்த நாட்டில், இரண்டு மரக்கதவுகள் யாருடையவை என்று சரியாகச் சொல்ல ஐம்பத்து மூன்று வருடம் கழித்தும் ஒரு பத்திரிகைக்கு முடியவில்லை.

போன மாத இதழை மடியில் விரித்ததுமே கெசியா, "இந்தாய்யா, உன் கதவு பேப்பர்ல வந்திருக்கு" என்றாள். நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அப்புறம் அடியில் இருந்ததைப் படித்தாள். 'பிரான்ஸ்டன் படகுத்துறை ஓவியர் நாதன் ஹாலிஸ் முப்பதுகளில் தீட்டிய படகு அறைக் கதவுகள், அவருடைய கைத்திறனின் உச்சம்.' படித்த வேகத்தில் அடுத்த பக்கத்துக்குப் போய், மதகு பழுது பார்ப்பது பற்றி ஏதோ ஆரம்பித்தாள். நான் விடவில்லை. திரும்பப் படிக்கச் சொன்னேன். மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் ஹாலிஸ்தான். "விட்டுத் தள்ளுய்யா, அச்சுல ஆயிரம் வரும், இதுக்கெல்லாம் கடுதாசி போடுவாங்களா?" என்றாள். போடுவார்கள். இதோ போடுகிறோம்.

ஹாலிஸ் மீது எனக்கு ஒரு விரோதமும் இல்லை. கோட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர் போலக் கோட்டை வரைவார், குடியிருந்தது மீன் வறுக்கிற கடைக்கு மேல்மாடியில். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவருக்கும், நான் ஓட்டிய கரிப்படகின் கதவுக்கும் நடுவே இருபது மைலுக்கு மேல் பனிக்கட்டி இருந்தது. நடந்து போன ஒருவரிடம் சொல்லி அனுப்பினேன். "பனி உருகட்டும், படகைக் கொண்டு வரச் சொல்லு" என்று பதில் வந்தது. பனி உருகினால் பெண் போய்விடும். ஓவியர்களுக்கு இந்தச் சின்ன விஷயமெல்லாம் எங்கே புரியப்போகிறது.

பெண் யார் என்று கேட்பீர்கள். இப்போது இதை எழுதிக்கொண்டிருப்பவள்தான். அப்போது ஜெத்ரோ ஸ்டோக்ஸின் மகள், எனக்கு நான்கு படகு தள்ளி உறைந்து நின்ற குதிரைப் படகில் இருந்தாள். சட்டன் ஸ்டாப்பில் ஐம்பது அறுபது படகுகள் ஒன்றோடொன்று ஒட்டி அப்படி உறைந்து நின்றன. நகரமே கரியில்லாமல் நடுங்க, எங்கள் காலடியில் படகுக்கு இருபது டன் கரி கிடந்தது, அசைக்க முடியாது. நான் போய் முறையாகப் பெண் கேட்டேன். ஜெத்ரோ என்னைப் பார்க்கவே இல்லை, எனக்குப் பின்னால் என் படகைப் பார்த்தார். "மொட்டைக் கதவுக்காரனுக்கு என் பொண்ணா? நாளைக்கு அவ எந்தக் கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு நாலு பேரு முன்னால போவா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். பகலில் அறைக் கதவு இரண்டையும் விரியத் திறந்து வைப்பது எங்கள் வழக்கம், மழையானாலும் பனியானாலும். மேற்பலகையில் கோட்டை, கீழ்ப்பலகையில் ரோஜா. எதிரே வருகிற படகு நம்மைத் தாண்டிப் போகிற அந்த அரை நிமிடத்துக்குள், அந்த நான்கு பலகையைப் பார்த்து ஆணின் யோக்கியதை, பெண்ணின் கைச்சுத்தம், குடும்பத்தின் மூன்று தலைமுறை எல்லாவற்றையும் படித்துவிடுவார்கள். எழுத்துதான் எங்களுக்கு வராது, இந்தப் படிப்பு வரும். என் கதவிலோ போர்க்காலத்தில் படகுக் கம்பெனி சாம்பல் நிறத்தை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, வெற்றி வரும்வரை இதுதான் என்று சொல்லியிருந்தது. வெற்றி வந்தது. ரோஜா வரவில்லை. ஜெத்ரோவோ பனி உடைகிற அன்றே மான்செஸ்டர் பக்கம் கிளம்புவதாக இருந்தார். அங்கே அவர் தம்பி ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தான். அவன் படகில் கதவுக்கு இரண்டு கோட்டை என்று கேள்வி. ஆக, பனி உடைவதற்குள் என் கதவில் கோட்டை ஏற வேண்டும், இல்லையென்றால் கெசியா வடக்கே போய் வேறு ஒருவன் கோட்டைக்குக் குடியேறிவிடுவாள்.

வரைவதற்கு முதலில் வண்ணம் வேண்டும். ரேஷன் காலத்தில் வண்ணம் யார் தருவார்? தீயணைப்பு வாளிக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு, பள்ளிக்கூடத்து வாசற்கதவின் பச்சை, ரோட்டில் கோடு போடுகிற வெள்ளை, பெயர் தெரியாத ஒரு மஞ்சள், எல்லாவற்றையும் கரிக்கட்டிக்கு மாற்றாக வாங்கினேன். கரி மக்களுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது, அவர்கள் பேச்சைத்தான் கேட்டேன். குளிரில் வண்ணம் கெட்டியாகி, பிரஷ்ஷை நட்டால் நின்றது. அதனால் டப்பாக்களை அடுப்புக்குள் வைத்துச் சூடாக்கினேன். என்னோடு படகில் இருந்த ரோடா அத்தை அதே அடுப்பில் ரொட்டிப் புட்டிங் வைத்திருந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. சாப்பிட்ட பிறகு சொன்னாள். "ஏன்டா, கல்யாணத்துக்கு முன்னாடியே கருமாதிக்கு வழி பண்றியா? வயிறு பூரா வார்னிஷ் அடிச்ச மாதிரி இருக்குடா." அடுத்த இரண்டு நாள் அவள் ஏப்பம் விட்டால் பக்கத்துப் படகுக்காரன் வந்து, வண்ணம் காய்ந்துவிட்டதா என்று விசாரித்தான்.

பிரஷ் இன்னொரு கதை. நல்ல பிரஷ் கிடைக்காமல் கடைசியில் குதிரை முடியில் நானே கட்டிக்கொண்டேன். குதிரை முடி என்றால் குதிரையிடம்தான் போக வேண்டும். அந்த வரிசையில் லாயத்தில் சும்மா நின்ற குதிரை ஜெத்ரோவின் டியூக். அவனோடு எனக்கு நல்ல பழக்கம். ஒரு பிடி எடுப்பதற்குப் பதில் மூன்று பிடி எடுத்துவிட்டேன், ரோஜாவுக்கு ஒன்று, இலைக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று. மறுநாள் காலை ஜெத்ரோவின் குரல் பனிக்கட்டியில் மோதி அரை மைல் கேட்டது. "எவன்டா என் குதிரை வால்ல கை வெச்சது? வாலா இது? வெளக்குமாத்துக் கட்டை! கண்டுபிடிச்சேன்னா அவன் தலையை இதே மாதிரி மொட்டையடிப்பேன்!" நான் பிரஷ்ஷைப் பின்னால் மறைத்துக்கொண்டு, எந்தப் பாவி மாமா இப்படிச் செய்தது என்று அவரோடு சேர்ந்து வருத்தப்பட்டேன். கெசியா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தாள். இதை எழுதும்போதும் சிரிக்கிறாள், வரி கோணலாகப் போயிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ரோஜா கீழ்ப்பலகை, அதை முதலில் முடித்தேன். கால்வாயில் வேலையில்லாமல் நின்ற அத்தனை பேரும் பனிக்கட்டி மேல் நடந்து வந்து வரிசை கட்டிக் கருத்துச் சொன்னார்கள். கண்காட்சிக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்திருக்காது. ஒருத்தி கோஸ் என்றாள். ஒருத்தி, அவ்வளவு மோசமில்லை, வெந்த கோஸ் என்றாள். ஓபதையா கிரம்ப் என்று ஒரு தடியர், கீழ்ப்பலகைக்கு எதிரே முழங்காலிட்டு வெகுநேரம் பார்த்தார். சரி, ஒரு ரசிகராவது கிடைத்தார் என்று நினைத்தேன். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பன்னித் தொடைக்கறி தம்பி. வட்டமா, ஓரத்துல கொழுப்போட. போருக்கு முன்னால இப்படி ஒரு துண்டு சாப்பிட்டது. நல்லா இருப்பே" என்று என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

அடுத்தது கோட்டை. இங்கேதான் சிக்கல். பிறந்ததிலிருந்து கதவு கதவாகக் கோட்டை பார்த்திருக்கிறேன், நிஜத்தில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. நாங்கள் போகிற இடம் எல்லாம் சுரங்கம், ஆலை, மின் நிலையம். கோட்டைக்கு யாரும் படகில் கரி வாங்குவதில்லை. பக்கத்துக் கதவைப் பார்த்துப் போட்டால், காப்பியடித்தான் டங்க்லி என்று லண்டன் வரைக்கும் செய்தி போய்விடும். ரோடா அத்தைதான், "கண்ணு முன்னால ஒசரமா என்ன இருக்கோ அதைப் போடு, கொடி ஒண்ணைச் செருகு, யாரு கண்டா?" என்றாள். கண் முன்னால் வயலுக்கு அப்பால் கேஸ் ஆலையின் தொட்டி நின்றது. உருண்டையாக, இரும்புத் தூண்கள் சூழ, மலை மாதிரி. அதைப் போட்டேன். நாலு ஜன்னல் வைத்தேன், உச்சியில் கொடி, முன்னால் ஏரி, பாலம், ஏரியில் ஒரு அன்னம். இடது கதவு முடிந்தது. நானே சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், கம்பீரம்.

வலது கதவுக்கு வருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. கேஸ் தொட்டி எப்படி வேலை செய்யும் என்று தங்கள் மேதைக்குத் தெரியுமோ என்னவோ. கேஸ் நிரம்ப நிரம்பத் தொட்டி மேலே எழும்பும், ஊரார் அடுப்பு எரிய எரியக் கீழே இறங்கும். கரியிலிருந்துதான் கேஸ் எடுப்பார்கள், அந்த வாரம் ஆலைக்குக் கரி வரவில்லை. கரி எல்லாம் எங்கள் காலடியில் உறைந்து கிடந்ததே. தொட்டி நாளுக்கு நாள் தரையில் புதைந்துகொண்டே போனது. நான் கண்ணால் கண்டதைக் கண்டபடி வரைகிறவன். வலது கதவில் கோட்டை பாதி உயரம்தான். ரோடா அத்தை வந்து பார்த்தாள்.

"என்னடா, இந்தக் கோட்டை மண்டி போட்டு உக்காந்திருக்கு?"

"அது தூரத்துல இருக்கு அத்தை."

"தூரத்துல இருக்கா? அப்ப முன்னால நிக்கிற வாத்து ஏன் கோட்டையை முழுங்கற மாதிரி நிக்குது?"

"அது அன்னம் அத்தை."

"நல்லவேளை சொன்னே. ஜெத்ரோ வந்தாலும் பக்கத்துலயே நின்னு சொல்லிட்டிரு."

இப்போது தங்கள் படத்தை எடுத்துப் பாருங்கள் ஐயா. இடது கதவில் கோட்டை உயரம், வலது கதவில் குள்ளம். கெசியாவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஆமாய்யா, நீ சொன்ன மாதிரியேதான் இருக்கு" என்றாள். ஹாலிஸ் அறுபது வருடம் வரைந்தாலும் அவர் கையில் இப்படி ஒன்று வருமா? வராது. எல்லாக் கோட்டையும் ஒரே அச்சில் வார்த்த புட்டிங் மாதிரி இருக்கும். கைத்திறனின் உச்சமாம். உச்சம்தான், இடது பக்கம் மட்டும்.

மார்ச் மாதம் காற்று திரும்பியது. பனிக்கட்டி அடியில் தண்ணீர் முனகுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஜெத்ரோ கயிறுகளைச் சரி பார்க்கத் தொடங்கிவிட்டார். இனி ஒளித்து வைத்துப் பயனில்லை என்று கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, போய் அவரைக் கூப்பிட்டேன். வந்தார். பின்னாலேயே கால்வாய் முழுக்க வந்தது. ஜெத்ரோ புகைக்குழாயை வாயிலிருந்து எடுக்காமல் ரோஜாவைப் பார்த்தார். அன்னத்தைப் பார்த்தார். அத்தை என்னை இடித்தாள். அன்னம் மாமா, என்றேன். குனிந்து கோட்டையைப் பார்த்தார். இடதைப் பார்த்தார், வலதைப் பார்த்தார், திரும்ப இடதைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக நிமிர்ந்து வயலுக்கு அப்பால் பார்த்தார்.

"இது நம்ம கேஸ் தொட்டிதானே?" என்றார்.

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். கெசியா கூட்டத்தில் நின்று தலையை ஆட்டினாள். ஆமாம் மாமா, என்றேன்.

"முப்பது வருஷமா என் கதவுல ஒரு கோட்டை இருக்கு. எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது, போட்டவனுக்கும் தெரியாது. இது ஒண்ணுதான்டா நான் கரி எறக்கின கோட்டை." வலது கதவில் விரலை வைத்தார், வண்ணம் இன்னும் காயவில்லை, விரல் ரேகை பதிந்துவிட்டது. "இது கரி வராத வாரம். சரியாத்தான் போட்டிருக்கான்." குழாயை வாயிலிருந்து எடுத்தார். "பொண்ணைக் கூட்டிட்டுப் போ. ஆனா அந்தப் பிரஷ்ஷைக் காட்டு."

காட்டினேன். அந்தப் பேச்சை எழுத வேண்டாம் என்கிறாள் கெசியா, தங்கள் பத்திரிகையைப் பெண்களும் படிப்பார்களாம். சனிக்கிழமை கல்யாணம். டியூக்கின் தீனிச் சட்டியில் ரோஜா போட்டுத் தர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை, போட்டுத் தந்தேன், அவன் ஒருவன்தான் அதைக் கோஸ் என்று நினைத்து நக்கிச் சாப்பிடப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை பனி உடைந்தது.

அந்தக் கதவோடு பதினாறு வருடம் ஓடினோம். பிறகு அதே மாதிரி இன்னொரு குளிர், அறுபத்து மூன்றில். மதகுப் பாலத்தில் வழுக்கி என் இடது கால் முறிந்து ஒன்பது வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்தால் அறை வாசலில் தார்ப்பாய் தொங்குகிறது. டை கட்டிய கனவான் ஒருவர் வந்தாராம், கதவைப் பார்த்து அழுதே விட்டாராம், இது நாட்டின் சொத்து, மியூசியத்தில் வைக்கிறோம் என்று மரியாதையாகக் கழற்றி எடுத்துப் போனாராம். சரி, நாட்டின் சொத்து என்று நானும் பெருந்தன்மையாக இருந்துவிட்டேன். முப்பத்தேழு வருடம் அந்தக் கனவானிடமிருந்து ஒரு வரி கிடையாது. எந்த மியூசியம் என்று கெசியாவைக் கேட்டால் அவளுக்கு மறந்துவிட்டது, எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேருடைய குறையும் மறக்காதவளுக்கு. கடைசியில் வெளியே வந்தது, வேறு ஒருவன் பெயரில் வந்தது.

ஆகவே ஐயா, எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு வரி: கதவுகளைத் தீட்டியவர் ரூபன் டங்க்லி, கோட்டை என்று சொன்னது கேஸ் தொட்டி. கண் போனவனுக்கு ஒரு வரி போதும், கெசியா படித்துச் சொல்வாள். சாட்சி வேண்டும் என்று தங்கள் மேதை கேட்பார். ஜெத்ரோ மாமா போய் நாற்பது வருடம், அவர் விரல் ரேகை வலது கதவில் இருக்கும், தேடச் சொல்லுங்கள். ரோடா அத்தை போய்விட்டாள், அவள் வயிற்றில் இருந்த வார்னிஷ்ஷுக்கு இன்னும் பத்து வருடம் தாங்கியிருக்க வேண்டும். ஓபதையா ஒரு கிறிஸ்துமஸ் அன்று, தட்டில் நிஜமான பன்றித் தொடைக்கறி இருக்கும்போதே போனார். ஹாலிஸும் போய்விட்டார், இருந்திருந்தால் அவரே மறுத்து எழுதியிருப்பார், அவருக்கென்று ஒரு மானம் உண்டு. டியூக்கைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தங்களுக்கும், தங்கள் அச்சுக்கூடத்தாருக்கும், முன் சொன்ன மேதைக்கும் சகல நலமும் உண்டாகட்டும் என்று வாழ்த்தி, கையெழுத்துக்குப் பதில் வழக்கம்போல் ஒரு ரோஜா போட்டிருக்கிறேன். கோஸ் அல்ல. அந்தப் பனிக்கட்டி மேல் நின்று அந்தக் கதவைக் கண்ணால் பார்த்தவர்களில் என்னைத் தவிர இன்று உயிரோடு இருப்பது ஒரே ஒருத்திதான், கெசியா டங்க்லி. அவளைக் கேளுங்கள், பொய் சொல்லத் தெரியாதவள்.

பின்குறிப்பு: ஐயா, இது அவர் சொன்னதல்ல. அவர் டீ போடப் போயிருக்கிறார், அதற்குள் கெசியா ஆகிய நான் எழுதுகிறேன். கடுங்குளிர், குதிரை வால், எங்கப்பா, கேஸ் தொட்டி எல்லாம் சத்தியம். ஆனால் உங்கள் படத்தில் இருப்பது எங்கள் கதவு இல்லை. அதில் இரண்டு கோட்டையும் ஒரே உயரம், ரோஜா ரோஜா மாதிரியே இருக்கிறது. ஹாலிஸ் போட்டதுதான், நீங்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அறுபத்து மூன்றில் இவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சரக்கில்லாத வெறும் படகில் சின்னவளுக்கு நெஞ்சுச் சளி, ஒரு துண்டுக் கரி இல்லை. முதலில் முக்காலியை அடுப்பில் போட்டேன், அப்புறம் நடைபலகையை, அப்புறம் கதவை. இடது கோட்டை ஒரு பகல் எரிந்தது, வலது கோட்டை அரைப் பகல். பிள்ளை பிழைத்தாள், இப்போது அவளுக்கே தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர் திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, கதவு எங்கே என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் கனவான் ஒருவர் என் வாயில் வந்துவிட்டார். டைகூட நான்தான் கட்டிவிட்டேன். முப்பத்தேழு வருடமாக எந்த மியூசியம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார், போன மாதம் உங்கள் படத்தைப் பார்த்ததும் இதோ வந்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். படிக்கக் கற்றுக்கொண்ட பழக்கம், அடியில் இருந்ததையும் சேர்த்துப் படித்துவிட்டேன். அதனால் திருத்தம் எதுவும் போட வேண்டாம். ஹாலிஸ் பெயர் ஹாலிஸுக்கே இருக்கட்டும். பதில் மட்டும் கட்டாயம் போடுங்கள். உறை கெட்டியாக, பத்திரிகையின் முத்திரை புடைத்துத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், விரலால் தடவிப் பார்ப்பார். உள்ளே வெள்ளைத்தாள் போதும், அவருக்கு வேண்டிய வரியை நான் படித்துக்கொள்கிறேன்.